குழுவில் பெயர் இல்லாதவள்

மூளை முடக்குவாதம் உள்ள ஒரு குழந்தையின் சிகிச்சைக் கோப்பைத் திறந்தால் முதலில் ஒரு பட்டியல் வரும். குழந்தைநல மருத்துவர், இயன்முறை மருத்துவர், கையால் உண்ணவும் உடுத்தவும் பழக்கும் செயல்முறைப் பயிற்சியாளர், பேச்சுப் பயிற்சியாளர், உளவியலாளர், சிறப்பு ஆசிரியர், சமூகப் பணியாளர். இவர்களைத்தான் ‘குழு’ என்கிறோம். அதே கோப்பின் கடைசியில் ‘வீட்டுப் பயிற்சி’ என்று ஒரு தாள் இருக்கும். காலையும் மாலையும் தொடைத் தசையை நீட்டிவிட வேண்டும், மூலை நாற்காலியில் அரை மணி நேரம் உட்காரவைக்க வேண்டும், நிற்கும் சட்டத்தில் கட்டி நிறுத்த வேண்டும், ஒவ்வொரு கவளத்துக்கும் தாடையைத் தாங்கிப்பிடித்து ஊட்ட வேண்டும். இதையெல்லாம் யார் செய்ய வேண்டும் என்று அந்தத் தாளில் எழுதியிருக்காது. எழுதாமலே எல்லோருக்கும் தெரியும்.

தமிழ்நாட்டில் குழந்தைகளுக்கான தீவிரக் குழுச் சிகிச்சை எப்படி வளர்ந்தது என்று எழுத உட்கார்ந்தபோது நான் இந்தக் கடைசித் தாளிலிருந்தே தொடங்க விரும்பினேன். நிறுவனங்களின் வரலாறு ஓரளவு எழுதப்பட்டுவிட்டது. அந்த நிறுவனங்கள் எந்த உழைப்பின்மேல் நிற்கின்றனவோ அதன் வரலாறு எழுதப்படவில்லை.

முதலில் ‘தீவிரம்’ என்ற சொல்லைப் பார்ப்போம். மூளை முடக்குவாதம், வளர்ந்துகொண்டிருக்கும் மூளையில் பிறப்புக்கு முன்போ, பிறக்கும்போதோ, பிறந்த சில காலத்திலோ ஏற்படும் பாதிப்பின் விளைவு. உலக அளவில் ஆயிரம் பிறப்புகளில் ஏறக்குறைய 2 அல்லது 3 குழந்தைகளுக்கு இது இருக்கிறது. மூளையில் ஏற்பட்ட பாதிப்பு மேலும் பெருகுவதில்லை. ஆனால் தசை இறுக்கத்தையும் அசைவையும் அது மாற்றிவிடுவதால், கவனிக்காமல் விட்ட உடல் ஆண்டுக்காண்டு மடங்கிக்கொண்டே போகும். மறுபுறம், முதல் சில ஆண்டுகளில் மூளை புதிய வழிகளைக் கண்டுபிடிக்கும் திறனோடு இருக்கிறது. அந்தத் திறன் பலிக்க ஒரே செயலை நூற்றுக்கணக்கான முறை செய்து பழக வேண்டும். ஆகவேதான் சிகிச்சை சீக்கிரம் தொடங்க வேண்டும், அடிக்கடி நடக்க வேண்டும், பல துறையினரும் சேர்ந்து ஒரே இலக்கை நோக்கிச் செய்ய வேண்டும் என்கிறார்கள். மருத்துவம் சொல்லும் இந்தக் காரணத்தில் எனக்கு மாறுபாடு இல்லை.

ஒரு சிறு கணக்கு மட்டும் போட்டுப் பார்ப்போம். ஒரு குழந்தைக்கு வாரத்துக்கு மூன்று நாள், ஒரு நாளைக்கு 45 நிமிடம் பயிற்சி கிடைக்கிறது என்று வையுங்கள். பெரும்பாலான குடும்பங்களுக்கு இதுவே எட்டாத நல்ல ஏற்பாடு. மொத்தம் 2 மணி 15 நிமிடம். ஒரு வாரத்தில் 168 மணி நேரம் இருக்கிறது. மிச்சமுள்ள 165 மணி 45 நிமிடமும் குழந்தை வீட்டில் இருக்கிறது. சிகிச்சை ‘தீவிரம்’ ஆவதும் ஆகாததும் அந்த மிச்ச நேரத்தில்தான் முடிவாகிறது. அந்த நேரம் யாருடையது?

*

குழுவாகச் சிகிச்சை செய்வது என்ற எண்ணம் தமிழ்நாட்டில் காலூன்றியதில் ஒரு பெண்ணுக்குப் பெரும் பங்குண்டு. மேரி வர்கீஸ் கொச்சியில் பிறந்து, வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் படித்த மருத்துவர். 1954இல் நடந்த ஒரு சாலை விபத்தில் அவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வும் அசைவும் போயின. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைவிரல்களை நிமிர்த்தும் அறுவை சிகிச்சைகளைச் செய்தார். பின்பு ஆஸ்திரேலியாவிலுள்ள பெர்த்திலும், அதன்பின் நியூயார்க்கில் ஹோவர்டு ரஸ்க்கின் மறுவாழ்வு நிறுவனத்திலும் பயின்று வந்தார். 1963இல் வேலூரில் மறுவாழ்வு மருத்துவத் துறையின் தலைவரானார். அவர் முயற்சியால் 1966இல் உள்நோயாளிகளுக்கான மறுவாழ்வு நிலையம் அங்கே திறக்கப்பட்டது. இந்தியாவில் அவ்வகையில் அது முதலாவது. மருத்துவர், இயன்முறை மருத்துவர், செயற்கை உறுப்பு செய்பவர், சமூகப் பணியாளர் எல்லோரும் ஒரே நோயாளியை ஒன்றாக அமர்ந்து பேசும் முறை அப்படித்தான் நமக்கு வந்தது.

அதே வேலூரில், பாகாயத்தில், இன்னொரு பெண் தொடங்கிய மனநல மையம் இருக்கிறது. கனடாவிலிருந்து வந்த மனநல மருத்துவர் ஃபுளோரன்ஸ் நிக்கல்ஸ் 1957இல் அதைத் திறந்தார். நோயாளியோடு குடும்பத்தார் ஒருவர் உடன் தங்க வேண்டும் என்பது அங்கே வழக்கமாயிற்று. மனநோயாளிகளைச் சுவருக்குள் அடைத்துவைத்த காலத்தில் இது பெரிய முன்னேற்றம். அமிர்தசரஸிலும் அதே பத்தாண்டில் மருத்துவர் வித்யாசாகர், நோயாளிகளின் குடும்பங்களை மருத்துவமனை வளாகத்தில் கூடாரம் போட்டுத் தங்கவைத்தார். பாகாயத்தில் குழந்தைகளுக்கென உருவான ‘நம்பிக்கை நிலையம்’ இந்த மரபின் தொடர்ச்சி. அறிவுசார் குறைபாடோ ஆட்டிசமோ உள்ள குழந்தையும் பெற்றோரில் ஒருவரும் ஏறத்தாழ மூன்று மாதம் அங்கே தங்குகிறார்கள். குழந்தைக்குப் பயிற்சி தரும் அதே நேரத்தில் பெற்றோருக்கும் பயிற்சி தருகிறார்கள், பின்னர் வீட்டில் தொடர்ந்து செய்வதற்காக. டெல்லியில் ‘ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம்’ அமைப்பும் இதேபோல மூன்று மாதப் பெற்றோர்–குழந்தைப் பயிற்சியை நடத்திவருகிறது.

‘பெற்றோர்’ என்பது பொதுச்சொல். தமிழில் அது பால் காட்டாது. ஆனால் மூன்று மாதம் வேலையை விட்டு, ஊரை விட்டு வந்து தங்குபவர் பெரும்பாலும் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மற்ற பிள்ளைகளை மாமியாரிடமோ அம்மாவிடமோ விட்டுவிட்டு அவள் வந்திருப்பாள். ஆக ஒரு பெண்ணின் மூன்று மாதத்துக்குப் பின்னால் இன்னொரு வயதான பெண்ணின் மூன்று மாதமும் இருக்கிறது.

*

இது நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. 20ஆம் நூற்றாண்டின் சிகிச்சை முறைகளை அடுக்கிப் பார்த்தால், ஒவ்வொன்றும் தாயின் நேரத்தை எப்படிக் கணக்கிட்டது என்பதில்தான் ஒன்றிலிருந்து ஒன்று வேறுபடுகிறது.

பெர்லினிலிருந்து லண்டனுக்கு அகதியாக வந்த உடற்பயிற்சி ஆசிரியை பெர்டா போபாத், தம் கணவரான மருத்துவர் காரல் போபாத்தோடு சேர்ந்து 1940களிலிருந்து ஒரு கைமுறையை வளர்த்தெடுத்தார். இறுகிய தசையைத் தளர்த்திச் சரியான அசைவைக் கையால் வழிநடத்தும் முறை அது. குழந்தையைத் தூக்குவது, குளிப்பாட்டுவது, உடுத்துவது எல்லாமே சிகிச்சையின் பகுதி என்றார்கள். தாயின் கைக்கு மதிப்புக் கிடைத்தது. கூடவே அவள் நாளில் சிகிச்சை அல்லாத நிமிடமே இல்லாமலும் போயிற்று.

1969இல் அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்துப் போர்ட்டேஜ் என்ற சிற்றூரில் இன்னொரு முறை பிறந்தது. பயிற்சியாளர் வாரம் ஒருமுறை வீட்டுக்கு வருவார். அந்த வாரத்துக்கான சிறு இலக்குகளைத் தாய்க்குக் காட்டித்தருவார். நாள்தோறும் செய்து அட்டவணையில் குறித்துவைப்பது தாயின் பொறுப்பு. நிபுணர்கள் குறைவான ஊர்ப்புறங்களுக்குப் பொருந்தியதால் இது இந்தியா உட்படப் பல நாடுகளுக்குப் பரவியது. மலிவாக இருந்ததும் ஒரு காரணம். தாய்க்குச் சம்பளம் இல்லையல்லவா?

இதன் எல்லை மீறிய வடிவம் ஃபிலடெல்ஃபியாவில் கிளென் டோமன் பரப்பிய முறை. மூன்று முதல் ஐந்து பேர் சூழ்ந்து நின்று குழந்தையின் கை, கால், தலையைத் தவழ்வதுபோல அசைக்க வேண்டும். நாளுக்குப் பல முறை, வாரத்தில் ஒரு நாளும் விடாமல். இதற்கு அறிவியல் ஆதாரம் போதாது என்றும், குடும்பங்களின் பணத்தையும் உறவையும் இது வதைக்கிறது என்றும் அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் கழகம் ஒரு முறைக்கு மேல் எச்சரித்தது. பலன் வரவில்லையென்றால் முறை தோற்றதாக யாரும் சொல்ல மாட்டார்கள். ‘நீங்கள் விடாமல் செய்யவில்லை’ என்பதே பதிலாக இருக்கும்.

ஹங்கேரியில் வேறொரு பாதை இருந்தது. புடாபெஸ்டில் ஆண்ட்ராஷ் பெட்டோ தொடங்கி, 1967இல் அவர் இறந்தபின் மருத்துவர் மாரியா ஹாரி தலைமையேற்று நடத்திய நிறுவனத்தில் குழந்தைகள் தங்கிப் பயின்றார்கள். நடப்பது, உண்பது, எழுதுவது, பாடுவது எல்லாவற்றையும் ஒரே பயிற்சியாளர் நாள் முழுதும் குழுவாகச் சொல்லிக்கொடுத்தார். அவர் அதற்கெனப் பல ஆண்டுகள் படித்தவர், ஊதியம் பெறுபவர். 1986இல் பிபிசி தொலைக்காட்சியில் இது பற்றிய ஆவணப்படம் வந்ததும் பிரிட்டிஷ் தாய்மார்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு புடாபெஸ்டுக்குப் போய்க் குடியிருக்கத் தொடங்கினார்கள். ஹங்கேரிய முறையிலும் குறைகள் உண்டு. முன்னேற வாய்ப்புள்ள குழந்தைகளை மட்டும் பொறுக்கிச் சேர்த்தார்கள் என்றும், குழந்தைகளை வீட்டிலிருந்து பிரித்தார்கள் என்றும் விமரிசனம் இருக்கிறது. ஆனால் ஒன்றை அது காட்டிவிட்டது. இந்த மணி நேரங்களுக்குச் சம்பளம் கொடுக்க முடியும். அது இயற்கை விதி சம்பந்தப்பட்ட விஷயமன்று, ஓர் அரசு எடுக்கும் முடிவு.

உழைப்பைத் தாயிடம் சுமத்திய அதே நூற்றாண்டு பழியையும் அவளிடமே சுமத்தியது. 1943இல் ஆட்டிசத்தை விவரித்த லியோ கானர், பின்னர் பெற்றோரின் உணர்வுக் குளிர்ச்சியைப் பற்றி எழுதினார். 1967இல் புரூனோ பெட்டல்ஹைம் தம் நூலில் அதைத் தாயின் குற்றமாகவே விரித்தார். பாசமற்ற ‘குளிர்சாதனப் பெட்டித் தாய்’ என்ற பெயர் பல ஆண்டுகள் ஒட்டிக்கொண்டது. நம் ஊரில் இதற்கு உளவியல் தேவைப்படவில்லை. கிரகணத்தன்று வெளியே வந்தாயா, பப்பாளி தின்றாயா, யார் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டாய் என்று கேட்க வீட்டுத் திண்ணையே போதும். தாய்மாமனுக்குக் கட்டிக்கொடுத்தது குடும்பத்தின் முடிவாக இருக்கும். ‘சொந்தத்தில் கல்யாணமா?’ என்று மருத்துவர் கேட்கும்போது தலைகுனிபவள் அவள்.

*

தமிழ் இலக்கிய வகுப்பில் செவிலியைப் பற்றிப் பாடம் நடத்தும்போதெல்லாம் எனக்கு இந்தக் கோப்பு நினைவுக்கு வரும். அகப்பாடல் வீட்டில் நற்றாய் ஒருத்தி, செவிலி ஒருத்தி, தோழி ஒருத்தி. தலைவியைப் பற்றிக் கவலைப்படவும் பேசவும் மூவருக்கும் தனித்தனி இடம் உண்டு. தொல்காப்பியம் ஒவ்வொருவரும் எப்போது பேசலாம் என்று வகுத்துவைத்திருக்கிறது. பிற்காலத்தில் ‘ஐவகைத் தாயர்’ என்றொரு பட்டியலும் வருகிறது. நீராட்டுகிற ஆட்டுவாள், சோறூட்டுகிற ஊட்டுவாள், தாலாட்டுகிற ஓலுறுத்துவாள், பேச்சும் விடுகதையும் பழக்குகிற நொடி பயிற்றுவாள், தூக்கிச் சுமக்கிற கைத்தாய். உடலைக் கையாளல், உணவு, உறக்கம், பேச்சு, நடமாட்டம் என்று இன்றைய சிகிச்சைக் குழு பிரித்துவைத்திருக்கும் பகுதிகளும் கிட்டத்தட்ட இவைதாம்.

இதைச் சொல்லிப் பழம்பெருமை பேச எனக்கு விருப்பமில்லை. ஐந்து தாயர் வாய்த்தது செல்வர் வீட்டுப் பிள்ளைக்குத்தான். அந்த ஐவரும் பிறர் பிள்ளையை வளர்க்கப் போன பணிப்பெண்கள். அவர்கள் பிள்ளைகளை யார் வளர்த்தார்கள் என்று எந்த உரையாசிரியரும் சொல்லவில்லை. ஆனாலும் குழந்தை வளர்ப்பு ஒருத்தியின் வேலையன்று, ஐவரின் வேலை என்பது நம் மொழிக்குத் தெரிந்திருந்தது. ‘தாய்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் ஐந்து வேலையையும் திணித்துவிட்டு, அதற்குத் ‘தாய்மை’ என்று பெயர் வைத்தது பின்னால் நடந்தது. செவிலி என்ற சொல் மட்டும் தப்பித்து மருத்துவமனைக்குப் போய்ச் சம்பளம் வாங்குகிறது.

*

இந்தியாவில் இந்தத் துறையைக் கட்டியவர்களில் பலர் தாய்மார்கள். மித்து அலூரின் மகள் மாலினி சிப் மூளை முடக்குவாதத்தோடு 1966இல் பிறந்தார். மகளுக்குப் பொருத்தமான பள்ளி இந்தியாவில் இல்லை என்பதால் மித்து லண்டனில் சிறப்புக் கல்வி படித்துத் திரும்பி, 1972இல் மும்பையில் ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி ஆஃப் இந்தியாவைத் தொடங்கினார். சிகிச்சையும் கல்வியும் ஒரே கூரையின்கீழ் என்ற வடிவம் அங்கிருந்து மற்ற நகரங்களுக்குப் பரவியது. 1985இல் சென்னையில் பூனம் நடராஜன் தொடங்கிய அமைப்பு இன்று கோட்டூர்புரத்தில் ‘வித்யாசாகர்’ என்ற பெயரில் இயங்குகிறது. அவரும் மூளை முடக்குவாதம் உள்ள ஒரு மகனின் தாய். பின்னாளில் தேசிய அறக்கட்டளையின் தலைவராகவும் இருந்தார். டெல்லியில் ‘ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம்’ அமைப்பை 1991இல் தொடங்கிய மெர்ரி பருவாவின் கதையும் இதுவே.

இவர்களை நான் மதிக்கிறேன். இவர்கள் இல்லாவிட்டால் 1995ஆம் ஆண்டுச் சட்டமும், 1999இன் தேசிய அறக்கட்டளைச் சட்டமும், 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்ட 2016ஆம் ஆண்டுச் சட்டமும் இப்போதுள்ள வடிவில் வந்திருக்காது. ஆனால் பெண்ணிய வாசகராக நாம் இன்னொன்றையும் கேட்க வேண்டும். ஒரே அனுபவம் ஒரு தாயை நிறுவனராக்கியது. இன்னொரு தாயை என்ன ஆக்கியது? ஆங்கிலமும் நகரமும் கணவரின் வருமானமும் உள்ளவள் தன் துயரத்தை ஒரு நிறுவனமாக மாற்ற முடிந்தது. கூலிவேலை செய்யும் தாய்க்குக் கோப்பில் கிடைத்த பெயர் ‘ஒத்துழைப்பு இல்லை’.

*

எங்கள் வெள்ளக்கடை சேர்வராயன் மலையில், ஏற்காடு ஒன்றியத்தில் இருக்கிறது. சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் 1820களில் கொண்டுவந்த காப்பிதான் இன்றும் இந்த மலையின் பிழைப்பு. நிழல் மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருக்கும். பழங்குடி மலையாளி மக்கள் பெருவாரியாக வாழும் மலை இது. ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். இயன்முறை மருத்துவம், பேச்சுப் பயிற்சி, உளவியல் எல்லாம் ஒரே இடத்தில் வேண்டுமென்றால் கீழே இறங்கித்தான் ஆக வேண்டும்.

ஊரில் ஒரு பெண் இருக்கிறாள். எனக்குத் தங்கை முறை ஆக வேண்டும். ஐந்து வயது மகனுக்குக் கழுத்து இப்போதுதான் நிற்கத் தொடங்கியிருக்கிறது. பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு பேருந்து மாறி மாறிப் போய்வருவாள். வளைவுகளில் அவனுக்கு வாந்தி வரும். இறுகிய கால்கள் இருக்கைக்குள் மடங்காது. போகிற நாளுக்குத் தோட்டக் கூலி கிடையாது. நவம்பரிலிருந்து காப்பிப் பழம் பறிக்கும் காலம். அப்போது ஒருநாள் விட்டாலும் ஆண்டு வருமானத்தில் ஓட்டை விழும். கீழே ஒரு மருத்துவமனையில், வீட்டுப் பயிற்சியைச் சரியாகச் செய்யவில்லை என்று அவளைக் கடிந்துகொண்டார்களாம். அதைச் சொன்னபோது அவள் அழவில்லை.

“அவங்க சொல்லிக் குடுக்கறதெல்லாம் புரியுதுங்கக்கா. எப்பச் செய்யறதுன்னுதான் யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க” என்றாள்.

மறுவாழ்வு மருத்துவத்தைப் பற்றி நான் படித்த பக்கங்களில் இந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் பார்த்தேன். என்ன செய்வது, எப்படிச் செய்வது, எத்தனை முறை செய்வது எல்லாம் இருக்கிறது. காலை ஐந்து மணிக்குத் தண்ணீர் பிடித்து, எட்டு மணிக்குத் தோட்டத்தில் இருக்க வேண்டியவள் எப்போது செய்வாள் என்பது இல்லை.

இந்த மலையில் அந்தக் கேள்விக்கு ஒரு பாதிப் பதில் பழைய சட்டம் ஒன்றில் இருந்தது. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், 50 பெண் தொழிலாளர்களோ அவர்களின் 20 குழந்தைகளோ இருக்கும் தோட்டங்களில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது. வேலை செய்கிறவளின் குழந்தையை வேலை கொடுப்பவர் செலவில் இன்னொருவர் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் அதில் இருந்தது. அந்தக் காப்பகம் கழுத்து நிற்காத குழந்தைக்கும் உரியது என்று யாரும் நினைக்கவில்லை. சிறு தோட்டங்கள் சட்டத்தின் எல்லைக்கு வெளியே நின்றன.

*

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2013இல் ‘ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்த்ய காரியக்ரம்’ தொடங்கப்பட்டது. அங்கன்வாடிகளிலும் பள்ளிகளிலும் குழந்தைகளைப் பரிசோதித்து, வளர்ச்சித் தாமதம் உள்ளவர்களை மாவட்ட இடையீட்டுச் சேவை மையத்துக்கு அனுப்பும் திட்டம் அது. நான் தொடக்கத்தில் சொன்ன குழு முழுவதும் அந்த மையத்தில் இருக்க வேண்டும் என்கிறது திட்டம். பள்ளிக்கு வர இயலாத பிள்ளைகளின் வீட்டுக்குப் பள்ளிக் கல்வித் துறையின் சிறப்பு ஆசிரியர்கள் போகிறார்கள். இப்போது ‘விழுதுகள்’ என்ற பெயரில் மாற்றுத்திறனாளிகளுக்கான ஒருங்கிணைந்த சேவை மையங்கள் வருகின்றன. சிகிச்சைக் கருவிகளோடு ஊர்களுக்குச் செல்லும் ஊர்திகளும் அவற்றில் சேர்த்தி.

ஊர்ப்புறத்துக்கு எது பொருந்தும் என்பதற்குத் தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில் ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது. முதுகுத்தண்டு காயத்தால் கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கம் அது. அங்கே உள்ளூர் ஆட்களைப் பயிற்றுவித்துச் சமூக மறுவாழ்வுப் பணியாளர்களாக வீடுகளுக்கு அனுப்புகிறார்கள். ஐந்து நிபுணர்கள் தனித்தனியாகக் குழந்தையை இழுப்பதற்குப் பதிலாக, ஒரே பணியாளர் எல்லாப் பயிற்சியையும் இணைத்துச் செய்கிறார். நிபுணர்கள் அவருக்குப் பின்னால் இருந்து வழிகாட்டுகிறார்கள், கைப்பேசிச் செயலி வழியாகவும் முன்னேற்றத்தைப் பின்தொடர்கிறார்கள். ஆறு கதவு தட்டி அலையும் தாய்க்கு ஒரே முகம் தெரிந்திருப்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று நினைத்துப் பாருங்கள்.

மருத்துவ ஆய்வும் இந்தத் திசையில் வந்துகொண்டிருக்கிறது. 2013இல் ஆஸ்திரேலியாவின் ஐயோனா நோவக்கும் அவர் குழுவினரும் மூளை முடக்குவாதச் சிகிச்சைகள் அனைத்தின் ஆதாரங்களையும் தொகுத்தார்கள். மற்றவர் கை குழந்தையின் உடலை அசைத்துவிடும் பழைய முறைகளுக்கு ஆதாரம் குறைவு என்று தெரிந்தது. குழந்தை தனக்கு வேண்டிய ஒரு செயலைத் தானே முயன்று, தன் சூழலிலேயே பழகும் முறைகளுக்கு ஆதாரம் வலுவாக இருந்தது. தட்டிலிருந்து கவளத்தை எடுப்பது, வாசற்படி ஏறுவது, ஆட்டுக்குட்டியைத் தொட எட்டிப்போவது. மலைவீட்டு முற்றமும் சிகிச்சை இடம்தான் என்று இதற்குப் பொருள். நல்ல செய்தி.

ஆனால் இந்த நல்ல செய்திக்குள் பழைய கண்ணி ஒன்று மறைந்திருக்கிறது. ‘வீடே சிறந்த சிகிச்சை இடம்’ என்று சொன்னவுடன் அரசுக்கும் நிறுவனத்துக்கும் செலவு குறைந்துவிடும். வீட்டில் இருப்பவளுக்கு வேலை கூடிவிடும். வீட்டுக்குச் சிகிச்சை வரும்போது அதைச் செய்யும் ஆளும் ஊதியத்தோடு வருகிறாரா என்று நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அப்படி வருபவரும் பெரும்பாலும் ஒரு பெண்தான். அங்கன்வாடிப் பணியாளரை இந்த நாடு இன்னும் மதிப்பூதியம் பெறும் தொண்டராகவே நடத்துவதைப் பார்க்கிறோம். தாயின் இலவச உழைப்பை இன்னொரு பெண்ணின் மலிவு உழைப்பால் நிரப்பினால் நாம் எங்கும் போய்ச் சேரவில்லை.

சட்டத்தில் ஒரு வாசல் திறந்திருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, அதன் 24ஆம் பிரிவில், அதிக ஆதரவு தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் படி தருவது பற்றிப் பேசுகிறது. கேரளம் ‘ஆஸ்வாசகிரணம்’ திட்டத்தில் பராமரிப்பவருக்கு மாதந்தோறும் ஒரு தொகை தரத் தொடங்கியது. தொகை சிறிது. ஆனால் பராமரிப்பவர் என்று ஒருவர் இருப்பதை ஓர் அரசு ஏட்டில் எழுதியது. தமிழ்நாட்டில் கடும் பாதிப்பு உள்ளவர்களுக்கான பராமரிப்பு உதவித்தொகை 2023இல் 1,500 ரூபாயிலிருந்து 2,000 ரூபாயாக உயர்ந்தது. அது குழந்தையின் தேவைக்கான பணம். நாளுக்கு 67 ரூபாய்கூட முழுதாக வராது. பால், மருந்து, பேருந்து எல்லாம் அதிலிருந்துதான். அவளுடைய 165 மணி நேரத்துக்கு அதில் இடமில்லை.

அரசு வேலையில் இருக்கும் பெண்ணுக்கே நிலைமை எளிதாக இல்லை. இமாச்சலப் பிரதேச அரசுக் கல்லூரியில் புவியியல் கற்பிக்கும் உதவிப் பேராசிரியர் ஒருவர், எலும்புகள் எளிதில் நொறுங்கும் மரபுநோய் கொண்ட மகனின் சிகிச்சைக்காகத் தம் விடுப்பு முழுவதையும் தீர்த்துவிட்டார். குழந்தை பராமரிப்பு விடுப்பு அப்போது அந்த மாநிலத்தில் இருக்கவில்லை. 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், பெண்கள் வேலையில் பங்கேற்பது சலுகை அன்று, அரசியலமைப்பு சார்ந்த உரிமை என்று சொல்லி, சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளின் தாய்மாருக்கு விடுப்பு தருவது பற்றி மாநில அரசு மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்றது. நானும் கல்லூரியில் கற்பிப்பவள் என்பதால் அந்தத் தீர்ப்பு வந்த அன்று எங்கள் ஓய்வறையில் அதைப் பற்றி நெடுநேரம் பேசினோம். ஒரு தோழி கேட்டாள், “அப்பாவுக்கு லீவு கேட்டு எப்ப கேஸ் போடுவாங்க?” எல்லோரும் சிரித்தோம். அது சிரிக்க வேண்டிய கேள்வி இல்லை.

*

இந்தக் கட்டுரையில் இதுவரை குழந்தை பேசவில்லை. வளர்ந்த குழந்தைகள் பேசியிருக்கிறார்கள். மித்து அலூரின் மகள் மாலினி சிப், இரண்டு முதுகலைப் பட்டம் பெற்றவர். ஒற்றைச் சுண்டுவிரலால் தட்டச்சு செய்து தன் வாழ்க்கையை நூலாக எழுதினார். அவரைப் போன்றோரின் எழுத்திலும் மாற்றுத்திறனாளி உரிமை இயக்கத்தின் பேச்சிலும் திரும்பத் திரும்ப வரும் ஒரு கருத்து உண்டு. சிகிச்சைக்குப் போன மணி நேரங்கள் குழந்தைப் பருவத்திலிருந்து எடுத்த மணி நேரங்கள். வலித்தபோது வேண்டாம் என்று சொல்ல உரிமை வேண்டும். நடக்கவைப்பது மட்டுமே இலக்காக இருந்தால், நடக்க இயலாதவள் வாழத் தகுதியற்றவள் என்றாகிவிடும். சக்கர நாற்காலியும் சாய்தளமும் பேச உதவும் படப் பலகையும் சிகிச்சையின் தோல்விகள் அல்ல.

தாயின் நேரமும் குழந்தையின் நேரமும் இந்த இடத்தில் ஒன்றுசேர்கின்றன. தீவிரம் என்ற பெயரில் இருவரின் நாளும் பயிற்சிகளால் நிரம்பிவிட்டால், கதை சொல்லவும் கொஞ்சவும் சண்டைபோடவும் நேரம் எங்கே? ஐவகைத் தாயரில் நொடி பயிற்றுபவளுக்கு விடுகதை போடுவதே வேலையாக இருந்தது. அதையும் யாராவது சிகிச்சைக் கணக்கில் எழுதிவிடாமல் இருக்க வேண்டும்.

இதைப் படிக்கும் மாணவிகளில் சிலர் நாளை இயன்முறை மருத்துவராகவோ, சிறப்பு ஆசிரியராகவோ, சமூகப் பணியாளராகவோ ஆவீர்கள். உங்களிடம் மூன்று வேண்டுகோள். கோப்பின் முதல் பக்கப் பட்டியலில் வீட்டில் பயிற்சி கொடுப்பவரின் பெயரை எழுதுங்கள். எத்தனை மணி நேரம் என்பதையும் எழுதுங்கள், எழுதப்படாத உழைப்புக்கு எந்த அரசும் படி தராது. வீட்டுப் பயிற்சித் தாளைக் கொடுப்பதற்கு முன், அவளுடைய ஒரு நாள் எப்படிப் போகிறது என்று கேளுங்கள், அதன்பின் தாளில் பத்து இருந்தால் எட்டை அடித்துவிடுங்கள். மிச்சமிருக்கும் இரண்டில் ஒன்றைச் செய்யும் முறையை அப்பாவை வரச்சொல்லி அவருக்குக் காட்டிக்கொடுங்கள்.

வெள்ளக்கடையில் அந்தப் பெண் கேட்டது இரக்கத்தை அன்று. எப்போது என்று கேட்டாள். அவள் தோட்டத்தில் இருக்கும் பகல் நேரத்தில், சம்பளம் பெறும் இன்னொருவர், அவள் பிள்ளைக்கு அருகில், மலையின் மேலேயே இருந்தால் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும்.